நான்காம் படுக்கை அருகே நான்கு நிமிடம்

ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கி விழுந்தவள் நர்ஸ் படிப்பை முடித்தாள். மருந்தியலில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை எழுபத்தொரு மதிப்பெண் வாங்கினாள். திக்கித் திக்கிப் பேசுகிறவள், நேர்காணலில் ஒன்பது பேரைத் தாண்டி வந்தாள். தங்கையைப் பற்றி அக்கா இதையெல்லாம் விரல் மடக்கிச் சொல்வாள். ஆனால் அவள் நெஞ்சோடு வைத்திருப்பது ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையைத்தான்.

தங்கை சேர்ந்த மருத்துவமனையிலேயே அக்கா தீவிர சிகிச்சைப் பிரிவின் தரை துடைப்பவள். தங்கையின் பயிற்சிக்காலம் முடிய ஒன்பது நாள் இருந்தது. பயிற்சியில் இருப்பவர்கள் நோயாளியின் தாளில் எழுதலாம். கையெழுத்து மட்டும் தலைமை நர்ஸ்தான் போடுவார்.

நான்காம் படுக்கையில் ஓய்வுபெற்ற தபால்காரர் மூச்சுக்குத் தவித்தார். தொண்டையில் குழாய் இறக்க எல்லாம் தயார்.

"டாக்டர், கொஞ்சம் பொறுங்க. அவரு பி-பிரார்த்தனை பண்ணணுங்கறாரு. குழாய் வச்சா பேச முடியாதே."

"ஆக்சிஜன் எண்பத்தெட்டு. எண்பத்தஞ்சுக்குக் கீழ போனா நான் நிக்க மாட்டேன். ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நா-நான் சொல்றேன்."

அக்கா துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்பது நாளில் வேலை நிரந்தரமாகிவிடுமே, இவளுக்கு எதற்கு இந்த வம்பு?

பெரியவர் ஒரு வரி சொன்னார். தங்கை கூடவே சொன்னாள். மூன்றாம் வரியில் ஒரு சொல்லை முழுங்கிவிட்டாள். அவர் ஆக்சிஜன் மாஸ்க்கை இழுத்துத் தள்ளினார்.

"அப்படி இல்லம்மா... முதல்லேருந்து வா."

எண்பத்தேழு. எண்பத்தாறு.

"என் வாய்க்கு அ-அவ்வளவுதான் ஓடும், தாத்தா. சாமி கோவிச்சா என்னைத் திட்டட்டும்," என்று மாஸ்க்கை மாட்டிவிட்டாள்.

பெரியவர் சிரித்துவிட்டார். "சரியான ஜோடி. உனக்கு வார்த்தை நிக்குது, எனக்கு மூச்சு நிக்குது."

இருவரும் ஒன்றாக நொண்டி நொண்டிக் கடைசி வரிக்கு வந்தபோது எண்பத்தைந்து. அவரே தலையசைத்தார். குழாய் இறங்கியது. எண்பத்தொன்று. எண்பத்தொன்பது. தொண்ணூற்று நான்கு.

"அங்கேயே எவ்வளவு நேரம் துடைப்பே? தரை தேஞ்சிடப் போகுது," என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே தலைமை நர்ஸ் தாளை எடுத்தார். 'ஆன்மிகத் தேவை' என்ற கட்டத்தில் எல்லோரும் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். தங்கை எழுதியிருந்தாள்: 'பிரார்த்தனை கேட்டார். கூடச் சொன்னேன். நான்கு நிமிடம்.'

"இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அக்கா துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"செஞ்சது நீ. பதில் சொல்றேன்னதும் நீ. உன் பேரையே போடு."

தங்கை பேனாவை வாங்கினாள். எழுத்தில் அவளுக்குத் திக்காது. பெயருக்குக் கீழே தேதியும் போட்டாள்: 11-3-2014.