பாரிஸ் கோணத்தில் ஒரு வால் நட்சத்திரம்

தொலைநோக்கி வாங்க வேண்டும் என்று நான் முடிவு செய்த வாரத்திலேயே, அது நடக்காது என்பதும் முடிவாகிவிட்டது. மதராஸ் கடையில் விலை விசாரித்து வந்த நண்பன் தொகையைச் சொல்லவில்லை. "உங்க வீட்ட வித்தா முக்காலி மட்டும் வரும்டா" என்றான். நாங்கள் இருந்தது வாடகை வீடு.

ஆகவே சொந்தமாகச் செய்தேன். மில்லில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய், மூக்குக்கண்ணாடிக் கடையில் வாங்கிய ஒரு லென்ஸ், பழைய பைனாகுலரில் இருந்து கழற்றிய இன்னொரு லென்ஸ். நிலாவைப் பார்த்தால் அதன் விளிம்பெல்லாம் ஊதாவும் பச்சையுமாக, தேர்த் திருவிழாவுக்குச் சீரியல் விளக்குப் போட்டதுபோல இருந்தது. வியாழன் கிரகத்துக்கும் அதே விளக்குதான். தெருவிளக்கும் வியாழனும் ஒன்றுபோலத் தெரிந்த அன்று அந்தக் குழாயை அம்மா கோலமாவு போட்டு வைக்க எடுத்துக்கொண்டார்.

எண்பத்தாறில், எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வால் நட்சத்திரம் வந்தது. எங்கள் கல்லூரியில் மார்ச் கடைசியில் கண்காட்சி. யார் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று இயற்பியல் பேராசிரியர் கேட்டார். நான் எழுந்து, "வால் நட்சத்திரத்தப் படம் புடிச்சுக் கொண்டாறேன் சார்" என்றேன். அவர் மகிழ்ந்துபோய், சோப்பு செய்முறைக்கும் கிணற்றுநீர்ப் பரிசோதனைக்கும் நடுவில் ஒரு முழுப் பலகையை எனக்கு ஒதுக்கி, தலைப்பையும் அன்றே எழுதி ஒட்டிவிட்டார். அப்போது என்னிடம் கேமரா கிடையாது.

கேமரா எதிர்வீட்டில் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு சுவர்க்கடிகாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒன்றில் நம் நேரம், இன்னொன்றில் பாரிஸ் நேரம். மார்ச் மாதம் குடும்பத்தோடு மகன் வீட்டுக்கு, பிரான்சுக்கே, போய்விடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கேமராவ எடுத்துக்க. நான் கெளம்பற அன்னிக்கு மத்தியானம் கையில குடுத்துடணும். வுவாலா, அவ்ளோதான்" என்றார். கூடவே, வானத்தைப் படம் எடுப்பது பற்றி ஒரு பிரெஞ்சுப் புத்தகமும் தந்தார். பள்ளியில் பிரெஞ்சு படித்த திமிர் எனக்கு இருந்தது. இரண்டு நாளில் முடித்துவிட்டேன்.

அதில்தான் என் ஏழ்மைக்கு ஏற்ற கருவி இருந்தது. பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் நகர்கின்றன. ஐந்து நிமிஷம் ஷட்டரைத் திறந்து வைத்தால் புள்ளி கோடாகிவிடும். கேமராவும் கூடவே நகர வேண்டும். அதற்கு இரண்டு பலகை, ஒரு கதவுக் கீல், ஒரு போல்ட் போதும். மேல்பலகையில் கேமரா. கீலில் இருந்து சுமார் இருபத்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி போல்ட். கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்துக்கு ஒரு சுற்றுத் திருகினால் பலகை வானத்தின் வேகத்தில் திறக்கும். ஒரே நிபந்தனை, கீலின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு அடிக்கட்டையைச் சாய்வாக வெட்ட வேண்டும். சாய்வு நாற்பத்தெட்டு டிகிரி ஐம்பது நிமிஷம் என்று படத்தோடு போட்டிருந்தது.

அப்பா மில்லில் ஃபிட்டர். நான் வரைந்து கொடுத்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு ஸ்டாண்டுக்குப் போயி டிகிரியில நிமிஷம் வரைக்கும் கேக்கற. தறிக்கே நாங்க இவ்ளோ பாக்கறதில்ல."

"நட்சத்திரம் தறி மாதிரி இல்லப்பா. ஏமாறாது."

"நீ ஏமாறாம இருந்தா சரி."

கட்டையில் அவ்வளவு துல்லியம் நிற்காது என்று இரும்புப் பட்டையில் செய்தார். மூன்று சாயங்காலம் அரம் போட்டார். கோணமானியை வைத்து, என்னைக் கூப்பிட்டு, மூச்சு விடாமல் பார்க்கச் சொன்னார். இம்மி பிசகவில்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு, முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி, கீலின் துவாரத்தில் கண்ணை வைத்தேன். அங்கே மங்கலாக ஒரு நட்சத்திரம் நின்றது. துருவ நட்சத்திரம் அப்படியொன்றும் பிரகாசமானதல்ல என்று புத்தகம் சொல்லியிருந்ததால், அதையே துருவமாக நியமித்துவிட்டேன். தென்கிழக்கில், கடல் பக்கம், வால் நட்சத்திரம் பஞ்சுத் துணுக்குபோல ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று விடியலில் முப்பத்தாறு படமும் தீர்ந்தன.

ஸ்டூடியோக்காரர் நெகட்டிவை மட்டும் கவரில் போட்டு நீட்டினார். ஒரு பிரிண்ட்கூட இல்லை.

"முப்பத்தாறும் கீறல் தம்பி. கேமரா உள்ள மணல் பூந்திருக்கும். பிரிண்ட் போட்டு உங்க காச வீணாக்க மனசு வரல."

கீறலெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒரே நீளத்தில் இருந்தன. மணல் அவ்வளவு ஒழுக்கமாகக் கீறாது. நட்சத்திரங்கள்தான் கோடாகியிருந்தன.

சொல்தாவிடம் நெகட்டிவைக் காட்டினேன். அவர் கேமராவைத் திறந்து ஊதிப் பார்த்தார். "புஸ்தகத்துல தப்பிருக்காது. பாரிசுல போட்டது" என்றார். நான் கூடத்தில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். சுவரில் இரண்டு கடிகாரமும் ஆளுக்கொரு நேரம் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தப் பாரிஸ் கடிகாரத்தைப் பார்த்து எங்கள் தெருவில் யாரும் மில்லுக்குப் போனதில்லை.

அப்போதுதான் உறைத்தது. ஓர் ஊரில் துருவ நட்சத்திரம் தெரியும் உயரமே அந்த ஊரின் அட்சரேகை. இதைப் பள்ளித் தேர்வில் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் நான். நாற்பத்தெட்டு டிகிரி ஐம்பது நிமிஷம் பாரிசுடையது; புதுச்சேரி பன்னிரண்டு டிகிரியில் இருக்கிறது. நானும் அப்பாவும் மூன்று நாள் அரம் போட்டு, பாரிஸ் நகரத்தை இம்மி பிசகாமல் முத்தியால்பேட்டை மொட்டை மாடியில் நிறுத்தியிருந்தோம். சுதந்திரம் வாங்கி எத்தனையோ வருஷம் ஆகியும், பிரெஞ்சில் அச்சானதை மறுபடி அளந்து பார்க்க இந்த ஊரில் எவனுக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அப்பாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "கோணம் தப்பாயிடுச்சுப்பா."

"நான் வெட்டுன கோணமா?"

"நான் சொன்ன கோணம்."

"அப்படிச் சொல்லு" என்று அரத்தை எடுத்தார். "இப்ப எவ்ளோ?"

"பன்னெண்டு."

"நிமிஷம்?"

"கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம்பா."

"இப்ப மட்டும் முன்னப்பின்ன ஆவுதா" என்றார். ஆனாலும் ஒரே சாயங்காலத்தில் முடித்துக் கொடுத்தார்.

சொல்தா கிளம்பும் நாள் அதற்குள் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு விடியல், ஒரு ரோல். வடக்கே அடிவானம் வரை திறந்த இடம் வேண்டும் என்று சைக்கிளில் பிள்ளைச்சாவடி கடற்கரைக்குப் போனேன். துருவ நட்சத்திரம் கடற்கரை மூட்டத்துக்குச் சற்று மேலே, இருக்கிறேனா இல்லையா என்பதுபோல நின்றது. மணலில் சப்பையாகப் படுத்திருந்த என் கருவியைப் பார்த்துவிட்டு, வலையோடு போன ஒருவர், "என்னாப்பா, எலிப்பொறியா?" என்று கேட்டார். ஒரு சுற்றுத் தவறிவிடும் என்பதால் தலையை மட்டும் ஆட்டினேன். "கடக்கர எலி கெட்டிக்காரன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளுப்பதற்குள் ஒன்பது படம் எடுத்தேன்.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சொல்தா அதன் மேலே படக் கணக்குக் காட்டும் எண்ணைப் பார்த்தார். "இன்னும் இருவத்தேழு இருக்கே. நான் அங்க போயி பேரன எடுத்து, கழுவி, ஒன்னுத அனுப்பறேன்."

ரோல் முடியாமல் வெளியே எடுப்பது என்பது எங்கள் தெருவில் சோற்றைக் கொட்டுவதற்குச் சமம். அவரோடு போனால் படம் எப்போது வரும்? கண்காட்சிக்குப் பத்து நாள்கூட இல்லை.

"மாமா, உங்க எல்லாரையும் நான் எடுக்கறேன். ஊர விட்டுப் போறீங்க, நெனப்புக்கு வேணாமா?"

அவர் முகம் மலர்ந்தது. அத்தை புடவை மாற்றி வந்தார். டிரங்குப் பெட்டிகளோடு ஒன்று, பெட்டிகள் இல்லாமல் ஒன்று, வாசலில், கிணற்றடியில், தொப்பியோடு, மெடல்களோடு. என் வாழ்க்கையில் மனிதர்களை அவ்வளவு வேகமாக நான் நேசித்ததில்லை. வண்டி வந்து ஹாரன் அடித்தபோது முப்பத்தாறாவது படத்தில் டிரைவரும் நின்றார். நெகட்டிவில் அவர்களுடையதைப் பிரான்சுக்கு அனுப்பிவைப்பதாகச் சத்தியம் செய்து ரோலை வாங்கிக்கொண்டேன்.

இந்த முறை ஸ்டூடியோக்காரரிடம், "கீறலா இருந்தாலும் போடுங்கண்ணே" என்றேன். ஒன்பதில் ஏழு என் கை நடுக்கம். ஒன்று மேகம். ஒன்றே ஒன்றில் நட்சத்திரங்கள் ஊசி குத்தினாற்போல நின்றன. நடுவில், சுண்டுவிரல் நகமளவு, வாலோடு அது.

கண்காட்சியில் அந்தப் படத்தைப் பலகையின் நடுவில் ஒட்டி, பக்கத்தில் நின்றேன். சுற்றிலும் நிறைய வெற்றிடம் இருந்தது. "பேப்பர்ல பெருசா போட்டாங்களே, இது குட்டியா?" என்று ஒருவர் விசாரித்துவிட்டுச் சோப்புப் பக்கம் போனார். பிறகு ஒரு பள்ளி மாணவி வந்து, படத்தை உற்றுப் பார்த்து, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு வால் நட்சத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா, என்ன பண்ற?"

"அழுக்கு ஒட்டியிருக்குண்ணே. தொடச்சு விடறேன்."

மிச்சமிருந்த இரண்டு நாளும் நான் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. படத்துக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்று, துடைக்க வருபவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தேன்.