சேதத்துக்குக் காவல்

“அப்பா போயிட்டாருங்க” என்று சரவணன் போனில் சொன்னபோது கடத்தூர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், “குழி வெட்ட முடியலைங்க. கொஞ்சம் வர்றீங்களா?” என்றான்.

சரவணனின் அப்பா வேடியப்பனை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர். இண்டூருக்குப் பக்கத்தில், சொந்த நிலத்தில், மனைவியின் சமாதியை ஒட்டித் தன்னையும் வைக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். ஆனால் அந்த வாரம்தான் காட்டுப்பன்றிகள் புகுந்து, மகன் போட்டிருந்த குச்சிக்கிழங்கு முழுவதையும் கிளறிப் போட்டிருந்தன. வனத்துறை அதிகாரி நேரில் வந்து பார்க்கும்வரை சேதம் சேதமாகவே இருக்க வேண்டும். மண்ணைத் தொட்டால் இழப்பீடு போய்விடும். குழி வெட்டுவது மண்ணைத் தொடாமல் நடக்கிற காரியம் அல்ல. சரவணனுக்கு அந்த வருடத்துச் சாப்பாடே அந்த நிலம்தான்.

தர்மபுரியில் பஸ் மாறி இண்டூர் போய்ச் சேரும்வரை, அவருக்குச் சட்டமன்றக் கேள்விகள் எழுதிக்கொடுத்த காலத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். விவசாயம் மாநிலத்தின் பொறுப்பு, பன்றிக்குரிய சட்டம் தில்லியில் இருக்கிறது என்று நான் விளக்கமாக எழுதியிருந்தேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து பேசினார். “தலைவர் அவர்களே, அதிகாரம் தில்லியிலிருந்து சென்னைக்கு வருகிறது. சென்னையிலிருந்து மாவட்டத்துக்கு வருகிறது. பன்றி மட்டும்தான் நேராக வயலுக்கு வருகிறது.” அவை சிரித்தது. பயிர் தன்னுடையது, பன்றி தன்னுடையது அல்ல என்றார் ஓர் அமைச்சர். பன்றி தன்னுடையது, பயிர் தன்னுடையது அல்ல என்றார் இன்னொருவர். இருவரும் உண்மையே பேசினார்கள். பன்றிக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்ற கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாக அவைக்குறிப்பில் ஏறியது.

அடுத்த தேர்தலில் அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. இனி நடந்துவிடும் என்று வாழ்த்தப் போனேன். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். “எதிர்க்கட்சில இருந்தப்ப பேச வுட்டாங்க, கேக்கலை. இப்ப கேக்கற எடத்துல நம்மாளுங்க இருக்காங்க, பேச வுடமாட்டேங்கறாங்க” என்றார். கட்சிக்குச் சங்கடம் வரக் கூடாதாம். வேடியப்பன் என்று வேட்டைச்சாமியின் பெயரை வைத்துக்கொண்டு பன்றியைப் பற்றி வாய் திறக்க முடியாமல் அந்த ஐந்து வருடத்தையும் கழித்தார்.

அந்தக் காலத்தில்தான் முனியம்மாவின் நிலக்கடலை போயிற்று. பக்கத்து நிலத்துக்காரி. பன்றி வந்த இரவு கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு கண்ணயரவே இல்லை. ஆடு ஒன்று உள்ளே வந்து வாய் வைத்தாலும், மேய்ந்தது ஆடுதான் என்று எழுதிவிடுவார்களே! பயிர் இருந்தபோது பன்றிக்குக் காவல், பயிர் போன பின் ஆட்டுக்குக் காவல். எங்கள் பக்கத்தில் இது தனி வேலை. இதற்கிடையே மழை பெய்தது. உழுது கொள்ளு விதைக்க ஏற்ற ஈரம். உழுதால் இழப்பீடு இல்லை, உழாவிட்டால் கொள்ளு இல்லை.

வேடியப்பன் போய் வரப்பில் நின்று நிலத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “உழும்மா. நான் பாத்துட்டேன். சட்டம் போடற எடத்துல ஒக்காந்திருக்கறவன் பாத்தா பத்தாதா?” என்றார். அவள் உழுதாள். சேதத்தைத் தன் கண்ணால் பார்த்ததாக இவர் எழுதிக் கொடுத்தார். பார்வையிட வேண்டியவர்கள் என்று விதியில் உள்ளவர்களில் சட்டமன்ற உறுப்பினர் இல்லை என்று பணிவாகப் பதில் வந்தது.

அதன் பிறகு முனியம்மா அவரை வழியில் விட்டதே இல்லை. “ஏனுங்கண்ணா, மழை வர்ற மாதிரி இருக்குதா? அய்யோ, நீங்க பாத்துச் சொன்னாச் செல்லாதே!” என்பாள். அவரும் சிரிப்பார். ஆனால் மறுபடி எதிர்க்கட்சி ஆனதும் அவர் அவையில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஊரார் பார்த்துச் சொன்னால் போதும் என்று விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மானியக் கோரிக்கையிலும் அதையே கேட்டார். வேறு ஏதாவது பேசலாமே என்று நான் சொன்னதற்கு, “அந்தம்மாவுக்கு நான் குடுத்த வாக்கு செல்லணுமில்ல?” என்றார். அந்த வரி கடைசிவரை வரவில்லை.

நான் போனபோது உடல் வீட்டில் இருந்தது. ஆட்கள் மண்வெட்டியோடு வரப்பில் நின்றிருந்தார்கள். சரவணன் வனவருக்குப் போன் செய்துகொண்டிருந்தான். அந்த மனிதர் நல்லவர்தான். “அய்யா மேல எனக்கு ரொம்ப மரியாதைங்க. ஆனா இங்க ஊருக்குள்ள யானை எறங்கியிருக்குது, வுட்டுட்டு வர முடியாது. போட்டோ எல்லாம் ஒத்துக்க மாட்டாங்க, நேர்லதான் பாக்கணும். நாளைக்கு வந்துடறேன்” என்றார். அவரும் தன் பங்குக்கு மாட்டிக்கொண்டிருந்தார்.

போனை வைத்துவிட்டுச் சரவணன் நிலத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தான். மேட்டில் வைக்கலாம் என்றார் ஒருவர். மேடு பாறை. நாளைவரை பொறுக்கலாம் என்றார் இன்னொருவர். நல்ல வெயில்.

முனியம்மா ஓர் ஆளிடமிருந்து மண்வெட்டியை வாங்கிச் சரவணன் கையில் கொடுத்தாள்.

“வெட்டு. நான் பாத்துட்டேன்.”

“நீ பாத்தாச் செல்லாது அத்தை.”

“தெரியும்டா. உங்கப்பன் பாத்ததே செல்லலை. வெட்டு.”

அவன் வெட்டினான். இதையும் எழுத வேண்டும்: குழி வெட்டிய இடம் தவிர வேறெங்கும் யாரும் கால் வைக்கவில்லை. பாடையைத் தூக்கியவர்கள்கூட வரப்போடு ஒற்றை வரிசையில் தள்ளாடிக்கொண்டு வந்தார்கள். எங்கள் துக்கம்கூட சேதத்தைக் கலைக்காமல் நடந்தது.

மறுநாள் சொன்னபடி வனவர் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கடமைக்காகப் புது மண்ணைக் காட்டி, “இது?” என்றார்.

“இது பன்னி தோண்டினதில்லைங்க” என்றான் சரவணன்.

அந்த இடத்தைக் கழித்துவிட்டு மீதியை அளந்துகொண்டு போனார். மண்ணைத் தொட்ட நிலத்துக்கு இழப்பீடு உண்டா என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்களாம். பரிசீலனையில் இருக்கிறது.

வேடியப்பனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவர் வரப்பில் நின்று சொன்ன “நான் பாத்துட்டேன்” என்ற அந்த ஒரு சொல்லைத்தான். பார்வையிட அதிகாரமில்லாத ஒருவர், பயன்படாது என்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு சேதத்துக்கும் போய் நின்றார். போகாமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை. அவர் அப்படி வாழ்ந்ததை நான் பார்த்தேன். நான் சொன்னால் செல்லாது. அவரை அறிந்த நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.