எண்ணத் தெரியாத பிள்ளையோடு விம்பிள்டன் வரை

காலை 8.40. ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் அறையைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம், நானும் நாலு வயது மகள் தர்சினியும். 1990, ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. அப்டன் பார்க் நிலையத்துக்கு இருபது நிமிட நடை. ஒரு நாள் ரிக்கற் இரண்டு பவுண் அறுபது பென்ஸ், அவளுக்கு இலவசம். விம்பிள்டன் கோயிலுக்குப் பக்தியால் போகிறோம் என்றால் பொய். சனி, ஞாயிறில் எங்களோடு கதைக்க ஒரு சனமில்லை. கோயிலில் யாராவது 'எப்பிடிச் சுகம்' என்றாவது கேட்பார்கள்.

முந்தின நாள் நர்சரியில் ஒரு கடிதம் தந்திருந்தார்கள். தர்சினிக்கு எண்களின் பெயர் தெரியுமாம், பொருட்களை எண்ணத் தெரியாதாம். அவளைத் தனி வகுப்பில் விடுவதா என்று செவ்வாய்க்கிழமை கூடி முடிவெடுப்பார்களாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் பாலர் வகுப்பு எடுத்தவள் நான். படி ஏறினால் படியை எண்ணு, காலுறை மடித்தால் சோடி சேர், கிழங்கு சீவினால் மிச்சம் எத்தனை சொல்லு என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குக் காட்டினேன். நான் பெத்த பிள்ளைக்கு எண்ணத் தெரியாதாமே! வழி முழுக்கச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

9.10. ரெயில் வந்தது. ஏர்ள்ஸ் கோர்ட் வரை இருபத்திரண்டு நிலையம். பெட்டியின் கதவுகளை எண்ணச் சொன்னேன், சரி. எதிரே இருந்த வெள்ளைக்கார மனுசியின் கோட்டுப் பொத்தான்களை விரல் நீட்டி எண்ணினாள். ஆறு, அதுவும் சரி. அந்த மனுசி பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பு வீணாய்ப் போனது.

10.10. ஏர்ள்ஸ் கோர்ட்டில் மாறி ஏறினோம். "இனி ஏழு நிலையம். ஏழாவதில இறங்கவேணும். அம்மா நித்திரை கொள்ளப் போறன், நீங்கள்தான் எழுப்பவேணும்" என்றேன். கண்ணை அரைவாசி மூடிக் கள்ளமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலையத்துக்கு ஒரு விரலாக மடக்கிக்கொண்டு வந்தாள். கோயிலுக்குக் கிட்டிய விம்பிள்டன் பார்க் நிலையத்தில் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, ஏழு! எழும்புங்கோ!"

என் ராசாத்தி! அந்த நர்சரிக்காரருக்குத்தான் விசர். ஆனால் இதைச் சொல்லிச் சந்தோசப்பட அந்த ரெயில் மேடையில் எனக்கு ஒருத்தரும் இல்லை.

12.30. பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றோம். கடதாசித் தட்டுகள் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணை, "தங்கச்சி, எத்தனை பேர்?" என்று கேட்டார். நான் வாய் திறக்க முன்னமே தர்சினி கத்தினாள்: "மூண்டு பேர்!"

அவர் மூன்று தட்டை நீட்டினார். "அவர் எங்கை? கார் நிப்பாட்டுறாரோ?"

"ஓம்" என்றுவிட்டேன். கோயிலுக்குள் நின்று சொன்ன பொய்.

தர்சினி தட்டுகளை நிலத்தில் வரிசையாக வைத்தாள். "அப்பாவுக்கு ஒண்டு, அம்மாவுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு." நான் படிப்பித்த பாடம்தான். சண்டையால் மூடின பாதை திறந்ததும் வருகிறேன் என்று என் மனுசன் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார். ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. பிள்ளை தகப்பனை மறக்கக் கூடாது என்று ஒவ்வொரு இரவும் மூன்று தட்டு எண்ணி வைக்கப் பழக்கினேன். நர்சரியில் ஒரு விளையாட்டுச் சமையலறை இருக்கிறது. உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்குத் தட்டு வையுங்கள் என்று சொல்வார்களாம். இவள் மூன்று வைத்திருப்பாள். அவர்களுடைய ஃபைலில் எங்கள் வீட்டில் இரண்டு பேர். அதுதான் எண்ணத் தெரியாது என்று எழுதிவிட்டார்கள்.

அன்னதானச் சோற்றை எறியலாமா? மூன்றாவது தட்டையும் நானே சாப்பிட்டேன்.

"அப்பாடை சோத்தை ஏன் சாப்பிடுறீங்கள்?" என்று கேட்டாள்.

"அவர் பிந்தித்தான் வருவார், குஞ்சு" என்றேன்.

3.20. திரும்பும் ரெயிலில் தர்சினி என் மடியில் நித்திரை. செவ்வாய்க்கிழமை சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். என் மகளுக்கு எண்ணத் தெரியும், மூன்று என்று படிப்பித்தது நான். இவ்வளவும் இலகுவாக வந்தது. ஆனால் அதைக் கேட்டதும் அந்த டீச்சர் பேனையை எடுத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்பார்: அப்படியென்றால் உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எழுதட்டும்?

அப்டன் பார்க் வந்துவிட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். இரண்டா, மூன்றா என்று என்னையே கேட்டுக்கொண்டு நிலையப் படி ஏறினேன்.