வித்தியாசத்தில் பாதி

கணக்கியல் படிக்க வந்துவிட்டு எதையும் நோண்டாமல் இருக்க முடியாது என்றால் உருப்பட்ட மாதிரிதான். வகுப்பில் அவளுக்கு நோண்டி என்றே பெயர். உள்ளே வருவதைப் பற்று எழுது, வெளியே போவதை வரவு எழுது என்று ஆசிரியர் சொன்னால் மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். இவள் கையைத் தூக்குவாள். "திருப்பி எழுதினா என்ன சார் ஆகும்?" ஆசிரியர் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்.

அறைத்தோழி ஜெராக்ஸ் நேரெதிர். புத்தகத்தில் இருப்பதை அச்சுப் பிசகாமல் விடைத்தாளில் இறக்கிவிட்டு முதல் மார்க் வாங்குவாள். நோண்டி முதல் கணக்கிலேயே குடியிருந்துவிட்டு, போன இரண்டு வருடப் பரீட்சையிலும் கோட்டை விட்டிருந்தாள். இந்த மூன்றாம் வருடப் பரீட்சைதான் கடைசி வாய்ப்பு. துணி தைத்துப் படிக்கவைக்கும் அக்கா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா பேசாம வந்து பட்டன் தைடி. என்னால முடியல."

இதற்கு நடுவில் ஆசிரியர் தன் பிஎச்டிக்காக, யார் எப்படி யோசிக்கிறார்கள் என்று வகுப்பையே ஆராய்ந்தார். ஜெராக்ஸ் சொன்னதைச் செய்யும் வகையாம். நோண்டி துருவிப் பார்க்கும் வகையாம். இதை விடுதிச் சமையல்காரரே ஓசியில் சொல்லியிருப்பார்.

"துருவுறவங்கதான்மா பாடத்த ஆழமாப் புரிஞ்சுக்குவாங்க," என்றார் ஆசிரியர்.

"அப்போ மார்க் ஏன் சார் அவளுக்குப் போகுது?"

"அது என் ஆராய்ச்சியில வராதும்மா."

ஜெராக்ஸ்தான் வழி சொன்னாள். "ரெண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஒத்துவராம இடிச்சா, வித்தியாசத்த அனாமத்துக் கணக்குன்னு போட்டு அடைச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போ. மூளைய வெளியிலயே வச்சிட்டு வா." நோண்டி சத்தியம் செய்து கொடுத்தாள்.

பரீட்சையில் பெரிய கணக்கே இடித்தது. அனாமத்து என்று எழுதக் குனிந்தாள். கை ஓடவில்லை. பாழாய்ப்போன மூளை கூடவே உள்ளே வந்திருந்தது. ஒரு தொகை பக்கம் மாறி நின்றால் வித்தியாசம் இரட்டிப்பாகக் காட்டும் அல்லவா? வித்தியாசத்தைப் பாதியாக்கித் தேடினாள். அகப்பட்டது. வாங்கிய சரக்கைக் கடைக்காரனுக்கே திருப்பி அனுப்பிய தொகை, செலவைக் குறைக்கும் பக்கத்தில் நிற்காமல் கூட்டும் பக்கத்தில் அச்சாகியிருந்தது. தப்பு கேள்வியில்.

கையைத் தூக்கினாள். காவலுக்கு வந்தவர் வேதியியல்காரர். "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. உக்காந்து எழுது."

எழுதினாள். கேள்வி எங்கே பிசகியது என்று விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. கடைசிக் கேள்வி அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து, தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு அழுதாள்.

பல்கலைக்கழகம் பிறகு பெரிய மனது பண்ணியது. கேள்வி தவறு, தொட்டுப் பார்த்த எல்லாருக்கும் முழு மதிப்பெண். அதில்தான் நோண்டி கரையேறினாள். அக்கா போனில் தேம்பினாள். நோண்டிக்கோ வயிறு எரிந்தது.

"கண்டுபிடிச்ச எனக்கும் அனாமத்துன்னு மூடி மறைச்ச உனக்கும் ஒரே மார்க்காடி?"

ஜெராக்ஸ் சண்டைக்கு வரவில்லை. அறைக்கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். "எனக்கு வேலை கிடைச்சிருச்சு. அங்க நெசமாவே கணக்கு இடிச்சா எங்கேர்ந்து தேடணும்னு எனக்குத் தெரியாது. பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லாத."

மூன்று வருடமாக இவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது நோண்டிக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் குஷியாகவும் இருந்தது, மறைப்பானேன்.

"தள்ளி உக்காரு," என்று பேனாவை எடுத்தாள். "எழுதிக்காத. முதல்ல நீ என்னை ஒரு கேள்வி கேளு."

ஜெராக்ஸ் வெகுநேரம் யோசித்தாள். அவளுக்குக் கேள்வியே வரவில்லை.