வெள்ளிக்கிழமை போடாத குளிசை

ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டுப் பின் விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்தால் மரங்களுக்கிடையில் துறைமுகத்துத் தண்ணீர் தெரியும். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மெல்பேர்னிலிருந்து வந்த மீனெண்ணெய்க் குளிசையை விழுங்கிய மனிதன் நான். கேட்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கும் முதல் போத்தல் வந்தபோது சிரிப்புத்தான் வந்தது. போத்தலில் ஒரு மீன் படம், அதற்குப் பின்னால் பனிமலை. அந்த மீன் எங்கள் கடலில் ஒரு நாள் தாக்குப்பிடிக்காது.

அனுப்பியவள் என் மகள், ஒரே பிள்ளை. அவளுடைய தாய், என் மனைவி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குசினியில் விழுந்தது ஒரு சித்திரை மாதம். காலையில் மீன் வெட்டிக் கழுவி வைத்தவள் மத்தியானம் இல்லை. மகள் வந்து சேர இரண்டு நாள் ஆனது. அவளுக்காகச் செத்தவீட்டைத் தள்ளிவைத்தோம். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து திரும்பிப் போகும்போது, "அம்மாவுக்கு நான் முந்தியே அனுப்பியிருக்க வேணும், அப்பா" என்றாள். எதை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இரண்டு மாதத்தில், விடுமுறைக்கு வந்த யாரோ ஒருவர் கொண்டுவந்து தந்த பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் விளங்கியது. இதயத்துக்கு நல்லதாம். அவள் அப்படி வாசித்திருக்கிறாள்.

முப்பத்தொன்று முடியும்வரை வீட்டில் மீன் மச்சம் இல்லை. அதற்குப் பிறகும் இல்லாமலே போனது. எனக்கு மீன் வெட்டத் தெரியாது. ஒரு ஆளுக்காகச் சட்டியை வைத்து, வெட்டி, கழுவி, செதிலைப் புதைத்து, என்ன கோதாரிக்கு? மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வரும் மீன்காரன் வழக்கம்போல எங்கள் கேற்றில் நின்று ஹோர்ன் அடித்தான். உள்ளே இருந்தபடியே "வேண்டாம்" என்று கத்தினேன். இப்படி மூன்று நாள். நாலாம் நாள் அவன் நிற்காமல் போனான். நான்தான் துரத்தினேன், பிறகு நிற்காமல் போகிறானே என்று கோபப்பட்டதும் நான்தான்.

மகள் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வீடியோவில் எடுப்பாள். அங்கே மத்தியானம் கடந்திருக்கும்.

"குளிசை போட்டனீங்களோ?"

"ஓம்."

"போத்தலைக் காட்டுங்கோ."

காட்டுவேன். போத்தலின் உள்ளே எட்டிப் பார்ப்பவளைப் போல முகத்தைக் கிட்டக் கொண்டுவருவாள். பிறகு மழை பெய்ததா, கரண்ட் இருக்கிறதா என்று இரண்டு கேள்வி. அதோடு கதை முடிந்துவிடும். தாய் இருந்த காலத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள், நான் பின்னால் நின்று "சுகமா பிள்ளை?" என்று ஒரு சொல் எறிந்துவிட்டுப் போவேன். இப்போது எறிவதற்கு அந்த ஒரு சொல்தான் என்னிடம் இருந்தது.

குளிசையில் ஒரு சிக்கல் இருந்தது. அது மீன். எண்ணெயாக இருந்தாலும் மீன் மீன்தானே? வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி. ஆகவே வெள்ளி போடுவதில்லை, விட்டதைச் சனிக்கிழமை சேர்த்துப் போட்டுவிடுவேன். புரட்டாதிச் சனி விரதம் வந்தது, அதை ஞாயிறுக்குத் தள்ளினேன். பிறகு கந்தசஷ்டி. ஆறு நாள் விரதம். முப்பது வருஷம் துறைமுகக் கந்தோரில் கணக்கு எழுதியவன் நான், விட்டது விட்டதாகவே கிடக்க மனம் கேட்காது. பாறணை முடிந்த கையோடு நாளுக்கு நாலு, ஐந்து என்று விழுங்கினேன். அந்த நேரத்தில்தான் மகள் பலம் கூடிய போத்தல் ஒன்றும் அனுப்பியிருந்தாள். நல்ல சாமான், கூடப் போட்டால் கூட நல்லது என்று நினைத்தேன். விசர் வேலை.

ஒரு காலை விறாந்தையில் இருக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது, நின்றது, திரும்ப அடித்தது. பயந்து போனேன். குசினிப் பக்கம் பார்க்கவே மனம் வரவில்லை. கூப்பிட வீட்டில் ஆள் இல்லை. எங்கள் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று கேற்றடியில் புல் மேய்ந்துகொண்டு நின்றது, அதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தது. நானே ஓட்டோ பிடித்துப் போனேன்.

டொக்டர் என் மகளின் வயதுப் பெண். நெஞ்சில் வயர் பூட்டிப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்றாள். வேறு என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டாள். போத்தலைக் காட்டினேன். வெள்ளிக்கிழமைக் கணக்கையும் சஷ்டிக் கணக்கையும் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள்.

"இதாலதான் வந்தது எண்டு சொல்ல ஏலாது, ஐயா. ஆனா கூடப் போட்டால் சில பேருக்கு இப்பிடித் துடிப்புக் குழம்பும். நிப்பாட்டுங்கோ."

"இதயத்துக்கு நல்லது எண்டுதானே மகள் அனுப்பினவ?"

"டொக்டர் பார்த்துச் சொன்னாப் போடுற ஆக்கள் இருக்கினம். உங்களுக்கு இது தேவையில்லை. இந்த ஊரில இருந்துகொண்டு மீன் சாப்பிடுறதுக்கு என்ன? சூடை, கும்பளா, கிழமைக்கு ரெண்டு தரம் சாப்பிடுங்கோ."

நிறுத்தினேன். மகளிடம் சொல்லவில்லை. பயப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண்ணாங்கட்டி. உண்மை என்னவென்றால், அந்தக் கேள்வி போனால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். மழை, கரண்ட் என்று இரண்டு கேள்விக்காக ஒரு பிள்ளை எத்தனை நாளைக்கு எடுக்கும்?

ஆகவே போத்தல் குறைய வேண்டும். சனி பின்னேரம் குளிசைகளை எடுத்து மல்லிகையடியில் புதைப்பேன். எறும்புகூடக் கிட்ட வரவில்லை. கிழமைக்கு ஆறுதான் எடுப்பேன், ஏழு எடுக்க மாட்டேன். பொய்யிலும் வெள்ளிக்கிழமையை விட்டுவைத்தேன்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்று. போத்தலைக் காட்டி முடித்தேன். மகள் சந்தோஷமாக இருந்தாள். "அப்பா, இதைவிடப் பலமான ஒண்டு வந்திருக்கு. நாலு போத்தல் வாங்கிட்டன். நீங்கள் அதைப் போடுறீங்கள் எண்ட நினைப்பிலதான் நான் இஞ்ச நிம்மதியா நித்திரை கொள்ளுறன்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் ஏலவில்லை.

"பிள்ளை, நான் அதைப் போடுறேல்லை."

"என்ன?"

"கார்த்திகையில இருந்து போடுறேல்லை. நெஞ்சு படபடத்தது. டொக்டர் நிப்பாட்டச் சொன்னவ. இப்ப ஒண்டுமில்லை, அவ தந்த மருந்து போடுறன்."

திரையில் அவள் அசையவில்லை. தொடர்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். கண்ணைத் துடைத்தபோதுதான் தெரிந்தது.

"அப்ப கிழமைக்குக் கிழமை காட்டினது?"

"மல்லிகையடியில தாட்டனான்."

"ஏன் அப்பா சொல்லேல்லை?"

போத்தலைக் கதிரைக்குக் கீழே வைத்தேன். அவளே திரும்பக் கேட்டாள்: "அப்ப நான் இனி உங்களிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

அவளுக்கும் வேறு கேள்வி இருக்கவில்லை. இதை எனக்கு மட்டும் உள்ள வியாதி என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன்!

தெரு முனையில் ஹோர்ன் கேட்டது.

"அது ஆர், மீன்காரனோ?" என்றாள் உடனே. "டொக்டர் மீன் சாப்பிடச் சொல்லேல்லையோ?"

"சொன்னவதான்."

"அப்ப போய் வாங்குங்கோ. நான் லைனில நிக்கிறன்."

போனைக் கதிரையில் வைத்துவிட்டு ஓடினேன். செருப்பு ஒன்றுதான் அகப்பட்டது. கேற்றின் கொண்டி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இழுத்துத் திறந்து வெளியே வருவதற்குள் அவன் என் வாசலைக் கடந்து வளைவில் திரும்பிவிட்டான். "டேய், தம்பி!" என்று கத்தினேன். ஒன்பது மாதமாக நிற்காத வாசலைத் திரும்பிப் பார்க்க அவனுக்கு என்ன வந்தது?

வந்து போனை எடுத்தேன். அவள் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து காத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கிட்டீங்களோ? என்ன மீன்?"

"சூடை" என்றேன்.

"என்ன வைக்கப்போறீங்கள்?"

"சொதி."

அவள் சிரித்தாள். தாய் போன பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். "வாற ஞாயிறு சட்டியைக் காட்டுங்கோ, என்ன?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

திங்கள் காலை ஆறு மணிக்கே கொண்டிக்கு எண்ணெய் போட்டுக் கேற்றைத் திறந்து வைத்தேன். மனைவியின் மீன் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நின்று, வந்த மோட்டார் சைக்கிளுக்கெல்லாம் கையைக் காட்டினேன்.