எழும்பாத கிளச்சு

மண்ணூர்பேட்டைப் பக்கம் தொழிற்பேட்டை வந்ததில் பலருக்கு வேலை கிடைத்தது. எங்கள் பெரியப்பாவுக்குக் கார் கிடைத்தது. நிலத்துக்குப் பதிலாக சர்க்கார் கொடுத்த பணத்தில் அவர் முதலில் வாங்கியது, யாரோ ஒரு டாக்டர் ஓட்டித் தேய்த்த கறுப்புக் கார்தான். பெரியப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. முதலாளி எங்கேயாவது தானே ஓட்டுவாரா என்பது அவர் கட்சி. ஓட்டுவதற்குத்தான் தம்பி இருந்தாரே, என் அப்பா.

அந்தக் கார் பெரும்பாலும் அத்தைக்காக ஓடியது. அத்தை அவர்கள் இருவருக்கும் கடைசித் தங்கை. அந்தத் தொழிற்பேட்டையில் ரேடியோ பாகங்கள் பூட்டும் கம்பெனியில் வேலை. நடந்தே போகக்கூடிய தூரம்தான். ஆனால் வயசுப் பெண் தெருவில் நடந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, வீட்டு வாசலில் ஏறி கம்பெனி வாசலில் இறங்க வேண்டும் எனப் பெரியப்பா உத்தரவு போட்டிருந்தார். முன் சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருக்கும். அப்பா ஓட்ட, பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியில் டிபன் பை இருக்கும். இத்தனை காவலில் ஒரு ஈகூடத் தன் தங்கை பக்கம் பறந்திருக்காது என்று பெரியப்பா நிம்மதியாக இருந்தார்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அந்த வாரம் அத்தைக்குத் திடீரென்று சுத்தப் பைத்தியம் பிடித்தது. டிபன் பையைக் கவிழ்த்து உதறினாள். பெட்டியில் இருந்த துணியையெல்லாம் எடுத்து மறுபடி மடித்தாள். வீட்டைப் பெருக்கிய கையோடு காரையும் பெருக்கினாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பெரியம்மா பூரித்துப் போனாள்.

அதே வாரம்தான் கிளச்சு ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. அப்பா மிதித்தால் உள்ளே போகும், திரும்பி வராது. பாதி வழியில் நின்றுவிடும். அப்பா கால் கட்டைவிரலைக் கொக்கி மாதிரி அடியில் கொடுத்துத் தூக்கிவிடுவார். ஸ்பிரிங் போய்விட்டது என்பது அப்பாவின் முடிவு. கண்ணு பட்டுவிட்டது என்பது பெரியப்பாவின் முடிவு. அவர் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வண்டி முன்னால் கட்டினார். அதற்கு மறுநாளும் கிளச்சு எழும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருகிறார்கள், அம்பத்தூர் ஸ்டேஷனுக்குக் கார் போக வேண்டும். காரைக் காட்டித்தான் பெரியப்பா இந்தச் சம்பந்தத்தையே பேசியிருந்தார். காலையில் அப்பா வண்டியை எடுத்ததும் மிதி தரையோடு தரையாகப் போய்ப் படுத்துக்கொண்டது. கட்டைவிரலுக்கெல்லாம் அது மசியவில்லை.

"இன்னாடா இது, எருமையாட்டம் பட்துக்கினு கீது? வர்றவங்கள மாட்டு வண்டிலயா இட்டுகினு வர்றது?" என்று பெரியப்பா வாசலில் நின்று கத்தினார். பக்கத்து ஊரான பாடியில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் பாய்க்கு ஆள் போனது.

பாய் சைக்கிளில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் உட்கார்ந்து வெறுங்காலால் மிதியை மெதுவாக அசைத்துப் பார்த்தார். பிறகு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அப்பா குனிந்து, "ஸ்பிரிங்கு தானே பாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடியிலிருந்து குரல் வந்தது. "ஸ்பிரிங்கு நல்லாத்தான் கீது அண்ணாத்தே. மேலதான் இன்னாவோ புட்ச்சிகினு கீது."

அந்தக் காரில் மிதிகள் தரையில் இருக்கும் பிளவு வழியாகக் கீழே இறங்கும். பிளவை மூடியிருந்த ரப்பர் எப்போதோ கிழிந்துவிட்டது. பாய் ரப்பர் விரிப்பைத் தூக்கிவிட்டு அந்தப் பிளவுக்குள் விரலை விட்டார். மிதியின் தண்டில் ஏதோ கயிறு சுற்றி இறுகியிருக்கிறது என்றார். சணலாக இருக்கும், அறுத்து எறியுங்கள், ரயிலுக்கு நேரமாகிறது என்று அப்பா பறந்தார். பாய் கத்தியை எடுத்தார். ஒரு கையால் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தியை அருகே கொண்டுபோனவர், சட்டென்று கத்தியைக் கீழே போட்டுவிட்டார். அதற்கப்புறம் நகத்தாலேயே சிக்கலை ஒவ்வொன்றாக எடுத்தார்.

வெளியே வந்தபோது இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். கிரீஸ் அப்பிய ஒரு கயிறு. அதன் நடுவில் குன்றிமணி அளவுக்குப் பொன் தாலி.

அடுத்த கணம் பெரியம்மாவின் கை தன் கழுத்துக்குப் போனது. அம்மாவின் கையும் போனது. அத்தையின் கையும் கழுத்துக்குப் போனது. பெரியம்மா தன் தாலியை வெளியே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மாவுக்கும் கழுத்தில் இருந்தது. அத்தைதான் ஒன்றுமில்லாத கழுத்தைத் தடவிவிட்டு, கையை மெல்லக் கீழே இறக்கினாள்.

"யாருதுய்யா இது?" என்றாள் பெரியம்மா.

பாய் தன் விரல்களைப் பார்த்தார். கிரீஸையும் மீறி அதில் மஞ்சள் ஒட்டியிருந்தது. பிறகு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். விரல்களைக் கைலியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, "டாக்டரு ஊட்டம்மாவுதா இருக்கும். பழசு," என்றார்.

அதற்குப் பிறகுதான் வீடு அலறியது. அப்பா முகம் வெளுத்துப்போய், தினமும் மிதித்த காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு சுமங்கலியோட தாலிய காலால மிதிச்சிகினு இருந்துகீறனே!" என்று பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நல்ல காரியம் நடக்கிற நாளில் யாரோ ஒருத்தியின் தாலி வீட்டு வாசலில் கிடக்கிறதே என்று பெரியப்பா பதறினார். ஒரு நிமிஷம்கூட இது இங்கே இருக்கக்கூடாது, பாடிக் கோயில் உண்டியலில் போட்டுவிட வேண்டும் என்றார். யார் போவது? ஆண்கள் இருவரும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். ஊரார் தாலியைத் தொட்டால் தன் தாலிக்கு ஆகாது என்று பெரியம்மா பத்தடி தள்ளி நின்றாள்.

அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசுகிறவள் இல்லை. எது சொல்வதானாலும் பெரியம்மாவைப் பார்த்துத்தான் சொல்வாள். அன்றும் அப்படித்தான் சொன்னாள். "அக்கா, நமக்குத்தான் ஆகாது. கண்ணாலம் ஆவாத பொண்ணு எடுத்துகினு போனா ஒரு தோசமும் இல்ல. அவ போயி சாமி கும்புட்டுட்டு வரட்டும். ரயிலு வர நேரம் கீதே."

பெரியப்பா யோசித்தார். அத்தை தனியாகத் தெருவில் போய் எவ்வளவு காலமாயிற்று! ஆனால் தோஷத்தின் முன்னால் நாலு பேர் பேச்சு சின்ன விஷயமாகிவிட்டது. சரி என்றார். அத்தை தாலியை வாங்கி வாழை இலைத் துண்டில் மடித்துக்கொண்டாள். அவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்ததைப் பார்த்து, பாவம் பயப்படுகிறாள் என்றாள் பெரியம்மா.

கிளச்சு புதுசு போல எழும்பியது. கார் ஒரு பக்கம் போனது, அத்தை ஒரு பக்கம் போனாள்.

கார் திரும்பி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தார்கள். கேசரி ஆறியது, பஜ்ஜி ஆறியது. அத்தை வரவில்லை. அப்பா பாடிக்கு ஓடினார். அந்தப் பெண்ணோடு ஒருவர் வந்தார், இரண்டு பேர் பெயருக்கும் அர்ச்சனை செய்துகொண்டு பஸ் ஏறிவிட்டார்கள் என்று அங்கே பூக்காரம்மா சொன்னாள். பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது என்றும் சொன்னாள். கூட வந்தவர் கம்பெனியில் அத்தையோடு வேலை பார்ப்பவர், பாடியிலேயே குடியிருப்பவர், வேறு சாதி, இருவரும் எப்போதோ ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்பா அதை வந்து சொன்னபோது பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டாள். பெரியப்பா கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் காருக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஓட்டத் தெரியாத மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பொழுது சாயும்வரை இறங்கவில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

இதெல்லாம் யாருக்கு முன்னாலேயே தெரியும் என்று வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்டார்கள். அம்மா அடுப்பைப் பார்த்தபடி, தெரியாது என்றாள். என்னையும் கேட்டார்கள். நானும் தெரியாது என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

அன்று காலை அத்தை கோயிலுக்குக் கிளம்புமுன் அம்மா அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். குங்குமச் சிமிழைத் திறந்து அத்தையின் நெற்றியில் வைத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் குங்குமத்தை விரலில் எடுத்து, தானும் பெரியம்மாவும் வைத்துக்கொள்வது போல, வகிட்டிலும் வைத்தாள். அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"அம்மா, அங்க கண்ணாலம் ஆனவங்கதானே வெப்பாங்க?" என்றேன்.

அம்மா அத்தையின் முந்தானையை இழுத்து அவள் தலையை மூடினாள். வெயில் அதிகம் என்றாள். என்னை விளையாடப் போகச் சொன்னாள். அவசரத்தில் அம்மாவுக்குக் கை தவறிவிட்டது, அதை மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.