கஞ்சி போட்ட கம்பளித் துணி

மூலக்குளத்தில் நான் வேலை பார்த்த கம்பளித் துணிக் கம்பெனியை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. புழுக்கத்தில் வேகிற புதுச்சேரியில் எவன் கம்பளி போர்த்துவான்? எல்லாம் வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் போகிற போர்வை. குழந்தைத் தோலில் உறுத்தக் கூடாதென்று துணியைக் குளோரின் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். ஈரக் கம்பளி நாற்றமும் குளோரின் நெடியும் சேர்ந்து, சோற்றில் கை வைத்தாலும் அதே வாடைதான் அடிக்கும். தொட்டியில் வேலை செய்த ஓர் அக்காவுக்கோ விரலெல்லாம் வெடித்துவிட்டது, இருமலும் நிற்கவில்லை.

கம்பெனியின் சோதனை லேபில் துணியின் மென்மையை அளப்பது என் வேலை. ஒரு பக்கம் சரிவான பெட்டியின் மேல் துணிப்பட்டையை மெல்ல வெளியே தள்ள வேண்டும். சீக்கிரம் தொங்கிச் சரிவைத் தொட்டால் மெத்தென்ற துணி. நீட்டிக்கொண்டு நின்றால் முரட்டுத் துணி. குளோரினுக்குப் பதில் கையை அரிக்காத என்சைம் மருந்து போட்ட துணி மென்மையாக வந்துவிட்டால் தொட்டியை மூடிவிடலாமென்று பேச்சு. துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் இந்தச் சோதனையை நேரில் பார்க்க வருவதாக இருந்தார்கள். அக்கா அந்த நாளுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

அதற்கு முதல் நாள் மேனேஜர் என்சைம் துணியை அக்காவிடம் கொடுத்து, பெரிய ஆட்கள் பார்ப்பார்கள், நல்லபடியாகத் தயார் செய்து வை என்று சொல்லிவிட்டுப் போனார். துணி தொங்குகிறதா என்றுதான் பார்ப்போம் என்று அவர் சொல்லவில்லை. அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுபோய், நல்ல துணிக்கு நம் ஊரில் என்ன செய்வோமோ அதைச் செய்திருந்தார். கஞ்சி போட்டு, மொடமொடவென்று இஸ்திரி.

மறுநாள் வந்தவர்கள் முன்னால் பட்டையைத் தள்ளினேன். அட்டை மாதிரி விறைத்து நின்றது. மோந்து பார்த்தேன், கஞ்சி வாடை. வேறு துண்டு அளக்கிறேன் என்று மேனேஜரிடம் தமிழில் சொன்னேன். அவர் அதை அவர்களுக்குச் சொல்லவே இல்லை. என்சைமைவிடக் குளோரின் மலிவு, தொட்டி இருந்தால்தான் அவருக்கு லாபம்.

"பாத்தாச்சில்ல, விடும்மா," என்று சிரித்தார். குளோரின் துணியை எடுத்துத் தன் கன்னத்தில் தேய்த்துக் காட்டினார். என் ஓட்டை இங்கிலீஷ் தொடங்குவதற்குள் அவர்களைச் சாப்பிடக் கூட்டிப்போய்விட்டார். சீ, என்ன ஜென்மமோ!

அலமாரியில் மிச்சமிருந்த என்சைம் துணியை அளந்தேன். குளோரின் துணியைவிடச் சீக்கிரமாகவே தொங்கிவிட்டது. மேனேஜர் திரும்பி வந்ததும் காட்டினேன். குளோரின் துணிக்கே ஆர்டர் கையெழுத்தாகிவிட்டதாம், பல் குத்திக்கொண்டே சொன்னார்.

அக்கா வந்து அந்தத் துணியைத் தடவினார். வெடித்த விரலில் நூல் மாட்டியது.

"இம்மாம் மெத்துனா இருந்துச்சு? அப்ப நான்தான் கெடுத்துட்டேனாம்மா?"

இல்லைக்கா, அந்த ஆள்தான் என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு தொட்டிக்கு இறங்கிப் போனார்.